தீட்டும் வாரும் தீட்டான கையும்

மயிலையில் பக்கிங்காம் கால்வாயைக் கடக்க ஒரு பாலம் உண்டு. நாள்தோறும் ஆயிரமாயிரம் கால்கள் அதைக் கடக்கின்றன. கடக்கும் கால்கள் அதன் கதையைக் கேட்பதில்லை. அதைக் கட்டியவர் ஆமில்டன் என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் என்பர். ஆமில்டன் என்ற பெயர் தமிழர் நாவில் உருண்டது. உருண்டு உருண்டு அம்பட்டன் ஆயிற்று. 'அம்பட்டன் வாராவதி' என்று ஊர் அழைத்தது. பின்னர் வந்த ஆங்கிலேயர், சிதைந்து கிடப்பது தம்மவர் பெயரே என்று அறியாமல், அந்தத் தமிழ்ப் பெயரை மீண்டும் ஆங்கிலமாக்கி 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று வழங்கத் தலைப்பட்டனர்! 'ஆப்சன் சாப்சன்' என்னும் ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி இந்த வேடிக்கையைப் பதிந்து வைத்திருக்கிறது. கட்டியவன் பெயர் கரைந்துபோயிற்று. கத்தி பிடித்தவன் பெயர் பாலமேறிற்று. இன்று அது அம்பேத்கர் பாலம்.

சென்னையில் ஆளுநர்க்குச் சிலை உண்டு. தளபதிக்குத் தெரு உண்டு. வணிகர்க்குப் பேட்டை உண்டு. ஊரார் முகத்தையெல்லாம் துலங்கச் செய்த உழைப்பாளிக்கு ஒரே ஒரு பாலம் வாய்த்தது. அதுவும் பிழையால் வாய்த்தது!

நாம் எழுத எடுத்துக்கொண்டது பாலத்தைப் பற்றியன்று. அதனினும் சிறிய ஒரு பொருளைப் பற்றி. நான்கு விரல் அகலமும் ஒன்றேகால் முழ நீளமும் கொண்ட ஒரு துணிப் பட்டையைப் பற்றி.

பாலத்திலிருந்து நடக்கும் தொலைவில், ஒரு சந்தில், முடிதிருத்தும் கடை ஒன்று இருக்கிறது. சுழல் நாற்காலி ஒன்று, பெஞ்சு ஒன்று, பாதரசம் உதிர்ந்த கண்ணாடி ஒன்று. கடைக்காரப் பெரியவருக்கு அகவை எண்பது. செங்கற்பட்டுப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து இளமையிலேயே பட்டணம் வந்தவர். பள்ளி முடிந்து திரும்பும் வழியில் ஒரு நாள் உள்ளே நுழைந்தோம். கண்ணாடியின் பக்கத்தில் ஓர் ஆணியில் இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. ஒன்று தோல், மற்றொன்று துணி.

"இது என்ன, பெரியவரே?"

"வாரு, வாத்தியாரே. கத்தி தீட்டுற வாரு. இப்ப யாரு தீட்டுறா? சும்மா தொங்குது."

தீட்டு! தமிழில் இவ்வொலிக்கு இரண்டு பொருள். கூர்மை ஏற்றுவதும் தீட்டு. தொட்டால் ஒட்டிக்கொள்வதாக வைதிகம் கதை கட்டிய அழுக்கும் தீட்டு. ஒருவன் வாழ்நாள் முழுதும் கத்தியைத் தீட்டினான். அவனைத் தீட்டு என்று தள்ளி வைத்தனர். அவன் தீட்டிய கத்தியோ தள்ளி வைத்தவர்களின் கன்னத்திலும் உச்சியிலும் ஏறி விளையாடியது. கன்னத்தைத் தொட்டபோது தீட்டில்லை. கணக்கு முடிந்து அவன் திண்ணையை விட்டு இறங்கியதும் தீட்டு! கிணற்றடிக்கு ஓடித் தலை முழுகுவார்கள். நாவிதன் கை பட்ட தீட்டு நீரில் கரையும். நாவிதன் கை கொடுத்த அழகு மட்டும் கரையாது. என்னே இவர்கள் கண்ட வேதியியல்!

பெரியவர் அந்தத் துணி வாரை எடுத்து நம் கையில் தந்தார். பளிங்குபோல் வழவழத்தது. துணி என்று சொன்னால் நம்ப இயலாது. மெழுகிட்ட தோலோ என்று ஐயுறும்படி இருந்தது. ஆனால் விரலால் அழுத்தினால் உள்ளே இழைகள் நெருங்கி நிற்பது தெரிந்தது. "புதுசுல இது சாக்குப் பை மாதிரி இருந்துச்சு. இப்படி ஆக்க மூணு மாசம் ஆச்சு" என்றார். மூன்று மாதம்! ஒரு சாண் துணியை மூன்று மாதம் பழக்க என்ன இருக்கிறது என்று கேட்டோம். அவர் சொன்னதையும், பின்னர் நூல்களில் தேடிக் கண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகின்றோம்.

முதலில், வார் எதற்கு? சாணைக்கல்லில் தேய்த்த கத்தியைக் கூர்மை என்று நினைக்கின்றோம். கல் விட்ட விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தால் அது வாள்பல் போல மேடும் பள்ளமுமாக இருக்கும். விளிம்பில் மெல்லிய உலோகப் பிசிறு மடிந்து நிற்கும். அதைக் கொண்டு மழித்தால் தோல் எரியும், குருதி கசியும். அந்தப் பிசிறை அகற்றி விளிம்பை நேர்செய்வது துணி. அதற்குப் பின் மெருகேற்றுவது தோல். துணி முன், தோல் பின். வரிசை மாறக் கூடாது. சவரத்திற்குச் சவரம் கத்தி மழுங்குவதும் உண்மை. எஃகைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மெத்தென்றிருக்கும் மயிர் எஃகை எப்படி மழுங்கச் செய்கிறது? 2020-இல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் இதனை மின்னணு நுண்நோக்கியின் கீழ் ஆராய்ந்து 'சயன்சு' இதழில் எழுதினர். மயிர் வளையும் இடத்தில் விளிம்பு ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது. எஃகின் அமைப்பில் ஒருசீர்மை இல்லாத இடத்தில் சிறு சில்லு பெயர்ந்துவிடுகிறது. நுண்நோக்கி காணும் இந்தச் சேதத்தை நம் பெரியவர் கட்டைவிரல் நுனியால் கண்டறிவார். ஆகவேதான் ஒவ்வொரு முகத்திற்கும் முன்னர் வாரில் ஏற்றி இறக்கினர்.

இனி, பழக்குதல். ஆலைத் துணியோ தறித் துணியோ, பாவுக்குக் கஞ்சி ஏற்றித்தான் நெய்கின்றார்கள். இழை அறாமல் காக்கும் அந்தக் கஞ்சியே வாருக்குப் பகை. கஞ்சியேறிய துணி விறைக்கும், கத்தி அதன்மேல் குதிக்கும். ஆதலால் முதல் வேலை, வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியைப் போக்குதல். பிழியக் கூடாது, பிழிந்தால் துணி முறுக்கிக்கொள்ளும், பிறகு ஒருநாளும் நேராகாது. நிழலில் பலகைமேல் விரித்துப் பாரம் வைத்து உலர்த்த வேண்டும். உலர்ந்ததும் ஆணியில் மாட்டி, கீழ்முனையைப் பிடித்து விண்ணென்று இழுத்து, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நூலில் கணுக்கள் தட்டுப்படும். ஒவ்வொரு கணுவும் கத்தி முனைக்கு ஒரு கல். ஆகவே அவற்றைக் களைந்துவிட வேண்டும்.

அடுத்து சோப்பு. ஈரம் படாத சோப்புக் கட்டியைத் துணியின் நீளவாக்கில் அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்த்த பின் வழவழப்பான கண்ணாடிப் புட்டியை எடுத்து, சப்பாத்திக் கட்டை ஓட்டுவதுபோல் அல்ல, இழுத்துத் தேய்ப்பதுபோல், மேலிருந்து கீழாக அழுந்த ஓட்ட வேண்டும். சோப்பு பாவுக்கும் ஊடைக்கும் நடுவே உள்ள கண்களில் இறங்கி அடைத்துக்கொள்ளும். மிகுதியாக நிற்பது புட்டியோடு வழிந்து வந்துவிடும். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. நாளாக ஆக, இழைகளின் மேடு தாழும், பள்ளம் நிரம்பும், துணி ஒரே தளமாகும். அதன்மேல் உள்ளங்கையால் சூடேறும் வரை தேய்ப்பதும் உண்டு; கையின் எண்ணெய்ப் பசையும் துணிக்கு வேண்டும் என்றார் பெரியவர். "கத்திய வெச்சா வழுக்கவும் கூடாது, புடிக்கவும் கூடாது. லேசா ஒரு இழுப்பு இருக்கணும்" என்றார். அந்த 'லேசான இழுப்பு' தான் மூன்று மாத உழைப்பின் பயன்.

முதன்முதலில் நல்ல கத்தியை அதில் வைக்கமாட்டார்கள். தேய்ந்துபோன பழங்கத்தியை ஓட்டிப் பழக்குவார்கள். கத்தியின் முதுகு முன்னே செல்ல, முனை பின்னே வர வேண்டும். திருப்பும்போது முதுகின்மேல் புரட்ட வேண்டும். முனைமேல் புரட்டினால் வாரும் போயிற்று, கத்தியும் போயிற்று. வார் தொய்ந்தால் விளிம்பு உருண்டுவிடும். இவ்வளவும் தெரிந்த கை, ஓசையைக் கேட்டே கத்தி தேறிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடும்.

வியப்பு என்னவென்றால், அமெரிக்க நாட்டு முடிதிருத்தும் பள்ளிகளின் பாடநூல்களிலும் இதே உலர்ந்த சோப்பும் இதே கண்ணாடிப் புட்டியும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆம், பள்ளிகள்! 1893-இல் சிக்காகோவில் மோலர் என்பவர் முடிதிருத்தும் தொழிலுக்கென்று ஒரு பள்ளியே தொடங்கினார். கட்டணம் செலுத்திச் சேர்ந்தவர்கள் கற்றனர். கற்றவர்கள் தொழிலாளி ஆயினர். எவன் மகன் என்று கேட்டுக் கத்தியைக் கையில் கொடுக்கவில்லை. இங்கே பள்ளி எது? பிறப்பு. ஆசிரியன் யார்? அப்பன். பாடநூல்? முதுகில் விழுந்த அடி.

கித்தான் என்கின்றோமே, அந்தத் தடித்த துணிக்கு நாம் வழங்கும் பெயர், ஆளிச்செடியைக் குறிக்கும் 'கத்தான்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஆளிநாரில் நெய்த துணியே மேனாட்டார் வாருக்குச் சிறந்ததாகக் கொண்டது. கடல்கடந்து வந்த துணியின் பெயர் சாக்குத் துணிமேல் உட்கார்ந்துகொண்டது. கப்பற்பாய்க்கும், கூடாரத்துக்கும், நாவிதன் வாருக்கும் ஒரே துணி. சென்னையிலோ தறிக்குப் பஞ்சமில்லை. தியாகராய நகர் யார் பெயரால் நிற்கிறது? நெசவுக் குடியான தேவாங்கர் குலத்தில் தோன்றி, வண்ணாரப்பேட்டைப் பக்கம் தறிச்சாலை நடத்தி, 1916-இல் நீதிக் கட்சியைக் கண்டவர்களுள் முன்னின்ற பிட்டி தியாகராயர் பெயரால். இழையின் அருமை அறிந்த அந்தக் கை, அரசியலிலும் அறுந்த இழைகளைச் சேர்க்கப் பார்த்தது.

துணி வாங்கவும் தோல் வாங்கவும் வகையற்ற தெருவோர நாவிதர் என் செய்தனர்? தம் உள்ளங்கையையே வாராக்கினர். இன்றும் முதியவர் சிலர், கத்தியைக் கையில் எடுத்தவுடன் தம்மை அறியாமலே உள்ளங்கையில் இருமுறை தேய்ப்பதைப் பார்க்கலாம். தோல் வாருக்கு மாடு வேண்டும். இவர்களுக்குத் தம் தோலே போதுமாயிருந்தது.

மாடு என்றதும் நினைவுக்கு வருகிறது. அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-இல் தொடங்கப்பட்டது. ஆவாரம் பட்டையிட்டுப் பதனிட்ட சென்னைத் தோல் அதற்கு முன்பே சீமைக்கு ஏற்றுமதியாகிப் பெயர் பெற்றிருந்தது. அந்தத் தோலைப் பதனிட்டவன் சேரிக்குத் தள்ளப்பட்டான். அந்தத் தோலில் தீட்டிய கத்தி அக்கிரகாரத்துக்குள் அழைக்கப்பட்டது. செத்த மாட்டின் தோலைத் தொட்டால் தீட்டு. அதில் பத்துமுறை புரண்டெழுந்த கத்தி உச்சந்தலையில் ஊர்ந்தால் தூய்மை. புரோகிதர்க்குத் தெரியாதா? தெரியும். கேட்காமல் இருந்தால் தெரியாததாகிவிடும். அதுதான் சனாதனத்தின் தருக்கம். பஞ்சுத் துணி தொட்டால் மடி கெடும், பட்டு தொட்டால் கெடாது என்று வகுத்தவர்கள் வார் விவகாரத்தில் ஏனோ வாய்திறக்கவில்லை. மழிக்க வேண்டிய தேவை இருந்ததல்லவா!

கத்தியின் எஃகைப் பற்றியும் ஒரு சொல். சவரக் கத்தி என்றால் செபீல்டு என்று உலகம் சொல்லியது. அந்தச் செபீல்டுக்கும் தமிழகத்துக்கும் உறவு உண்டு. தென்னாட்டு உருக்கை 'ஊட்சு' என்று மேனாட்டார் அழைத்தனர். 'உக்கு' என்ற கன்னடத் தெலுங்குச் சொல்லின் திரிபு அது. நம் 'உருக்கு' அதற்கு உறவுச் சொல். இலண்டனில் அறுவைக் கருவிகள் செய்த சுடோடார்ட் என்பவர் இந்த உருக்கின் மேன்மையைக் கண்டு, மைக்கேல் பாரடேயுடன் சேர்ந்து 1820 வாக்கில் எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார். மின்னியலில் புகழ் பெறுமுன் பாரடே செய்த வேலை இது. அந்தக் கலவை எஃகில் செய்த சவரக் கத்திகளை அவர் நண்பர்களுக்குப் பரிசாக வழங்கினார். அதற்குப் பின், பரங்கிப்பேட்டையில் சேலத்துத் தாதுவைக் கொண்டு இரும்பாலை நடத்திய ஈத் என்பவர் இங்கிலாந்து சென்று, எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். செபீல்டு எஃகுத் தொழில் அதனால் கொழித்தது. ஈத் வழக்காடியே ஓய்ந்தார். உருக்கும் இங்கே, உழைப்பும் இங்கே. பேர் மட்டும் அங்கே.

ஆனால் நாவிதனின் கையில் இருந்தது சவரக் கத்தி மட்டுந்தானா? சென்னை அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கர் தர்சுடன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில், அம்பட்டரைத் தமிழ்நாட்டு நாவிதர், அறுவை மருத்துவர் என்றே எழுதுகின்றார். கட்டியைக் கீறியவன் அவன். அவன் மனைவி பிள்ளைப்பேறு பார்த்தாள். மருத்துவச்சி என்று பெயர். ஊரில் பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் முதலில் தொட்ட கை அவள் கை. அவள் தொடாமல் எந்தச் சாதியும் உலகுக்கு வரவில்லை! பிறக்கும்போது தொட்டவள் தீட்டு என்றால், பிறந்தவன் எப்படித் தூயவன் ஆனான்?

இங்கிலாந்திலும் நாவிதரும் அறுவையாளரும் ஒன்றாகவே இருந்தனர். 1540-இல் எட்டாம் என்றி மன்னன் இரு கூட்டத்தையும் ஒரே கழகமாக்கினான். 1745-இல் அறுவையாளர் பிரிந்து சென்றனர். பிரிந்தவர்களின் வழிவந்தோர் அரச கல்லூரி கண்டனர், பட்டம் பெற்றனர், நாடு அவர்களை வணங்கிற்று. இங்கே? கத்தி பிடித்த கை சாதியாக உறைந்தது. மேனாட்டு மருத்துவம் வந்தபோது, பரம்பரையாக அறுவை அறிந்தவனுக்கு அந்தக் கல்லூரியின் கதவு திறக்கவில்லை. ஏனெனில் அவனுக்கு எழுத்தே மறுக்கப்பட்டிருந்தது. அந்தக் குடியினர் தம்மை 'மருத்துவர்' என்று அழைத்துக்கொண்டபோது சிலர் நகைத்தனர். நகைத்தவர்கள் வரலாறு அறியாதவர்கள்.

கத்திக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அதை மறைத்தால் நாம் வரலாறு எழுதுபவர் ஆகமாட்டோம். கணவனை இழந்த பெண்ணின் தலையை மழிக்கச் சொன்னது வைதிகம். மழித்தது நாவிதன் கத்தி. பத்து வயதுச் சிறுமியானாலும் கொல்லைப்புறத்தில் உட்காரவைத்து மழித்தனர். பெரியவரின் தந்தை அந்த வேலைக்குப் போய்வந்த நாளில் வீட்டில் உண்ணமாட்டாராம். "அந்தக் கத்திய வாருல ஏத்தவே மாட்டாரு. கல்லுல தேய்ச்சு வெச்சிடுவாரு. வாருக்கு அது ஆகாதுன்னுவாரு" என்றார் பெரியவர். வாருக்கு ஆகாததா, மனத்துக்கு ஆகாததா? 1890-இல் பம்பாயில், பூலேயின் வழிநின்ற நாராயண் மேகாஜி லோகண்டே திரட்ட, நாவிதர்கள் கூடி, இனிக் கைம்பெண் தலையில் கத்தி வைக்கமாட்டோம் என்று முடிவெடுத்தனர். சாத்திரம் படித்தவர் செய்யாததைச் சவரக் கத்தி பிடித்தவர் செய்தனர். மயிலையில் 1886-இல் பிறந்து, சிறுமியாகவே கைம்மை எய்திய சுப்புலட்சுமி, 1912-இல் கைம்பெண்களுக்குக் கல்வி தரும் பணியைத் தொடங்கினார். அவர் நடத்திய இல்லம் பின்னர் கடற்கரை ஐஸ் ஹவுசில் இயங்கியது. ஆமில்டன் பாலத்திலிருந்து அது தொலைவன்று. மழித்த தலைகள் அந்தக் கட்டடத்தில் மீண்டும் முடி வளர்த்தன, எழுத்தும் கற்றன. மழித்தலையும் நீட்டலையும் ஒருசேர வேண்டாமென்று வள்ளுவர் துறவிகளுக்குச் சொன்னதை, அவர் பிறந்த ஊர் என்று பெருமை பேசும் மயிலை, தன் பெண்களின் பொருட்டு எத்தனை நூற்றாண்டு மறந்திருந்தது!

இன்னொரு கறையும் உண்டு. மேலே உள்ளவன் தன்னைத் தள்ளியதை அறிந்த நாவிதன், தனக்குக் கீழே தள்ளப்பட்டவனைத் தானும் தள்ளினான். சேரி மக்களுக்கு முடிவெட்ட மறுத்த கதை ஊர்தோறும் உண்டு. இதைக் கேட்டபோது பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "வெட்டுனா ஊருல எங்க படிய நிறுத்திடுவாங்க. ஆனா வெட்டாதது தப்புதான்" என்றார். இரண்டும் உண்மை. படி அளந்தவன் கையில் கயிறு இருந்தது. அதற்காகக் கத்தி பிடித்தவன் கை கழுவிவிட இயலாது.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கடைகளில் எவர்க்கும் தடையில்லை என்ற விதி பேசப்பட்டபோது, கடை என்றால் என்ன என்று கேட்டனர். அம்பேத்கர் விடையிறுத்தார்: நாடி வருவோர் எவர்க்கும் தன் பணியை அளிக்க முன்வந்து ஒருவன் அமர்ந்திருக்கும் இடமெல்லாம் கடையே, உள்ளே நுழைவது மட்டுமன்று, பணியைப் பெறுவதும் உரிமை. அந்தப் பரந்த பொருளில் முடிதிருத்தும் நிலையமும் அடங்கும். 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. பாலத்துக்கு அவர் பெயர் வைத்தவர்கள் இதையெல்லாம் எண்ணி வைத்தார்களா, நாம் அறியோம். ஆனால் பெயர் பொருந்திவிட்டது.

திண்ணைதோறும் அடப்பத்தைச் சுமந்துபோய்க் குந்தியிருந்து செய்த தொழில், கடையாக மாறியதே ஒரு புரட்சி. கடையில் நாற்காலி உண்டு. நாற்காலியில் எவன் உட்கார்ந்தாலும் அவன் அடுத்த ஆள், அவ்வளவே. தொழிலாளி நின்றான், வந்தவன் தலைகுனிந்தான். 1925-இல் 'குடிஅரசு' பிறந்த பின், இத்தகைய கடைகள் இயக்கத்தின் படிப்பகங்கள் ஆயின. தேநீர்க் கடை, மிதிவண்டிக் கடை, முடிதிருத்தகம், இந்த மூன்றிலும் ஏடு கிடந்தது. ஒருவன் படிக்கப் பத்துப்பேர் கேட்டனர். தியாகராய நகரில் பெரியவர் முதலில் வேலை பார்த்த கடையில், படிக்கத் தெரியாத வாடிக்கையாளர்க்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவதும் அவர் வேலையாம். "ஒரு கையில வாரு, ஒரு கையில பேப்பரு" என்று சிரித்தார்.

அந்தப் படிப்பு அவருக்கு எப்படிக் கிடைத்தது? இங்கேதான் நாம் ஆசிரியர் என்ற முறையில் சற்று நிற்கின்றோம். 1953-இல் அவருக்கு எட்டு வயது. இராசாசி முதல்வர். ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் நாளைக்கு மூன்று மணி நேரமே பாடம். எஞ்சிய நேரம் பெற்றோர் தொழிலைப் பழக வேண்டும் என்று திட்டம் வந்தது. குலக்கல்வி என்று நாடு அதைச் சுட்டிற்று. மற்றப் பிள்ளைகள் விளையாடக் கிடைத்தது என்று மகிழ்ந்தார்களாம். இவரைத் தந்தை புட்டியும் சோப்புமாக உட்கார வைத்தார். முதன்முதல் வார் பழக்கியது அப்போதுதான். "கை காச்சுப் போச்சு. பள்ளிக்கூடத்துல அஞ்சாம் வாய்ப்பாட்டுல நின்னுட்டேன்." 1954-இல் காமராசர் முதல்வரானார்; திட்டம் விலக்கப்பட்டது. இவர் மீண்டும் முழுநாள் பள்ளிக்குப் போனார். எட்டாம் வகுப்புவரை போனார். அந்த எட்டாம் வகுப்புதான் தியாகராய நகர்க் கடையில் செய்தித்தாளாயிற்று.

வார் பழக்குவது உயர்ந்த கலை என்று இவ்வளவு நேரம் எழுதினோமே. பின் அதைச் சிறுவன் கற்றதில் என்ன குற்றம் என்று திட்டத்தின் நண்பர்கள் கேட்கக் கூடும். குற்றம் கலையில் இல்லை. வக்கீல் மகன் வார் பழக்க அனுப்பப்பட்டானா? அனுப்பப்பட்டிருந்தால் அது கல்வி. நாவிதன் மகன் மட்டும் அனுப்பப்பட்டதால் அது தளை. சிக்காகோவில் பள்ளி வைத்துச் சொல்லிக்கொடுத்த அதே பாடம் இங்கே பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றப் பயன்பட்டது!

வார் எப்படி ஓய்ந்தது என்பதைச் சுருங்கச் சொல்லலாம். அமெரிக்காவில் கிங் கேம்ப் சில்லெட் கண்ட அலகுக் கத்தி 1903-இல் விற்கத் தொடங்கியது. அவ்வாண்டு விற்றவை 51 கத்திகளும் 168 அலகுகளுமே. அதைக் கண்டு அன்று நகைத்தவர்கள் இருந்திருப்பர். முதல் உலகப் போரில் படைவீரர்க்கு அது வழங்கப்பட்டது. போர் முடிந்து வீடு திரும்பியவன் தானே மழித்துக்கொண்டான். நம் ஊரில் கடைக்காரர் கத்தியும் வாரும் அதற்குப் பின்னும் பல்லாண்டு வாழ்ந்தன. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். குருதியால் பரவும் நோய் என்ற அறிவு பரவியது. ஒருவர்க்கு ஓர் அலகு, பிறகு எறி என்பது வழக்கமாயிற்று. பெரியவரும் மாறினார். பாதியாக முறித்த அலகைச் செருகும் கத்தியை வாங்கினார். "நோவுன்னு டாக்டரு சொன்னாரு. சரின்னு பட்டுது. மாத்திட்டேன்" என்றார். பல்லாண்டுப் பழக்கத்தை அறிவின் பொருட்டு ஒரே நாளில் விட்ட அவரை, ஒரு நாள் பழக்கத்தைக்கூட விடமாட்டாத நம் படித்தவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் நாம் தோற்றோம், அதையும் சொல்லிவிடுகின்றோம். பேசிக்கொண்டிருக்கையில் வார் நம் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. பெரியவர் பதறி எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போகின்றார், தொழிற்கருவிக்குப் பூசை போடும் மூடநம்பிக்கைதான் என்று எண்ணினோம். அவர் ஒற்றவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உள்ளங்கையால் நீளவாக்கில் துடைத்தார். "ஒரு மண்ணு துகள் ஒட்டுனா போச்சு, வாத்தியாரே. கத்தி மொனை பல்லாயிடும்" என்றார். நம் பகுத்தறிவு அவசரப்பட்டுவிட்டது. செவ்வாய்க்கிழமைக் கதையும் அப்படியே. செவ்வாயன்று முடிவெட்டலாகாது என்பது மூடத்தனம், ஐயமில்லை. ஆனால் அந்த மூடத்தனத்தால்தான் ஞாயிறும் ஓய்வில்லாத இந்தத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் விடுப்புக் கிடைத்தது. அந்த விடுப்பில் அவர் செய்தது என்ன? வார் பழக்கியது!

நம் பள்ளிக்கு வந்து மாணவர்க்கு இதைச் செய்து காட்டுங்கள் என்று அழைத்தோம். அறிவியல் பாடத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ என்று நமக்குத் தோன்றிற்று. அவர் உடனே மறுத்தார். பள்ளியில் படித்த நாளில் பெயர் சொல்லி அவரை எவரும் அழைத்ததில்லையாம். கத்தியின் பெயரைச் சொல்லித்தான் அழைத்தார்களாம். "அந்த எடத்துக்கு நான் கத்தியோட வர்றதா?" என்று கேட்டார். விடை சொல்ல நமக்கு வாய் எழவில்லை.

மறுவாரம், செவ்வாய்க்கிழமை, கடை பூட்டியிருக்கும் என்று தெரிந்தே சென்றோம். கதவு பாதி திறந்திருந்தது. அவர் நமக்காக ஒரு முழம் புதுக் கித்தானை வெட்டி, ஊறவைத்து, பலகைமேல் உலர்த்தி வைத்திருந்தார். சோப்பும் புட்டியும் பக்கத்தில் இருந்தன. பள்ளிக்கு அவர் வருவதாக இல்லை. நீங்கள் கற்றுக்கொண்டு போய்க் காட்டுங்கள் என்றார். உட்கார்ந்தோம். முதல் நாளிலேயே உள்ளங்கை எரிந்தது. இன்றுடன் பதினேழு நாள் ஆகிறது. துணியில் இன்னும் கணுக்கள் இருக்கின்றன, விரலுக்குத் தட்டுப்படுகின்றன.